கம்பியில் நடந்தது யார்

அதிகாரி மேசைமேல் மூன்று புகைப்படங்களை வைத்தார். மூன்றிலும் ஒரு பெண் உயரக் கட்டிய கம்பியில் நடந்துகொண்டிருந்தாள். முகம் முழுக்க வெள்ளைச் சாயம், கையில் நீளக் கழி. நான்காவதாக, எல்லைக்கு அப்பால் நாற்பத்தொரு நாள் காட்சி என்று ஒரு பெண்ணின் பெயரோடு அச்சான சுவரொட்டியின் நகல்.

"இது நீங்கதானே?"

பதினேழு வயது மகள் மொழிபெயர்த்தாள். வீட்டில் அவளுக்குத்தான் இந்த நாட்டு மொழி சரளம்.

"பேரு என்னோடது. ஆளு நான் இல்ல" என்றாள் தாய்.

ஐந்து ஆண்டுகளில் நூற்றெண்பது நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்குக் குடியுரிமை கிடையாது. அவள் விண்ணப்பத்தில் எழுதியது நூற்றறுபது. சுவரொட்டியை நம்பினால் அதோடு நாற்பத்தொன்றைக் கூட்ட வேண்டும். சாலை வழியே எல்லை கடப்பவர்களின் பாஸ்போர்ட்டில் யாரும் முத்திரை குத்துவதில்லை. ஆகவே போனதற்கும் சாட்சியில்லை, போகாததற்கும் இல்லை.

ஊர் ஊராகக் கம்பி வித்தை காட்டும் அவர்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஏறின பேர் இறங்காது. சுவரொட்டியில் அச்சான பெயருக்குக் காய்ச்சல் வராது, பிரசவம் ஆகாது, வீட்டில் சாவு விழாது. ஆள் வர முடியாவிட்டால் அதே சாயத்தைப் பூசிக்கொண்டு, அதே பெயரில் இன்னொருவர் ஏறிவிடுவார். அந்த நாற்பத்தொரு நாளும் அவள் மருத்துவமனையில், சிறுநீரகம் செயலிழந்த கணவரின் கட்டிலருகே இருந்தாள். கம்பியில் நடந்தது கணவரின் தங்கை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர், ஊசி குத்திக் குத்தித் தடித்த கையால் ஒரு படத்தை இழுத்துப் பார்த்தார். பதினெட்டு வருடமாக மனைவிக்குக் கம்பி கட்டுபவர் அவர்.

"இது நான் கட்டினதே இல்ல சார். முடிச்சைப் பாருங்க, வால் தொங்குது. நான் கட்டாத கம்பியில இவ கால் வெக்க மாட்டா. கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட கண்டிஷன் அது."

"நல்ல கண்டிஷன். ஆனா சாட்சியம் ஆகாது" என்றார் அதிகாரி. நோயாளி படுத்திருந்ததை மருத்துவமனைக் கடிதம் சொன்னது. பக்கத்தில் யார் இருந்தார் என்று சொல்லவில்லை. அதிகாரி ஒரு தாளை நகர்த்தினார். "நீங்களே விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிட்டா, பொய் சொன்னதா பதிவாகாது. ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி போடலாம்."

அவர்கள் இங்கே தங்கும் அனுமதி குழுவோடு ஒட்டியது. குழு அடுத்த மாதம் எட்டு மாதப் பயணம் கிளம்புகிறது. அவள் போனால், வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டிய மனிதரை மகள் தலையில் கட்டிவிட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் வேலை போகும், வேலையோடு மூவரின் அனுமதியும் போகும். குடியுரிமை ஒன்றுதான் இரண்டுக்கும் நடுவே இருந்த வழி.

"கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லு."

"யோசிச்சு சொல்றோம்னு சொல்லட்டாம்மா?"

"நான் சொன்னதைச் சொல்லுடி. பஞ்சுல சுத்திக் குடுக்காத."

மகள் சொன்னாள். அதிகாரி பத்து நாள் தந்தார்.

பயிற்சிக் கொட்டகையில் குழு முதலாளி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நடந்தது நீ இல்லன்னு எழுதிக் குடுத்தா மூணு ஊர் அரங்கக்காரங்களும் என் சட்டையைப் பிடிப்பாங்கம்மா. ரெண்டு வருஷம் பொறுத்துக்கோ. பொறுத்தார் பூமி ஆள்வார்."

"பூமி வேணாங்க. ஒரு பாஸ்போர்ட் போதும்."

"இங்க பாரு. இந்த விஷயத்தை யார் வெளிய சொன்னாலும் சரி, அவங்களுக்கு என் வண்டியில இடம் கிடையாது."

கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து காலணிக்குத் தோல் தைத்துக்கொண்டிருந்த நாத்தனார் தலை தூக்கவில்லை. ஆனால் அண்ணி பேருந்து நிறுத்தத்தை எட்டுவதற்குள் ஓடிவந்து பிடித்துவிட்டாள்.

"நான் வந்து சொல்றேன் அண்ணி."

"பைத்தியமா உனக்கு? உன் பெர்மிட்டும் அந்தாளு கையிலதான் இருக்கு. உன்னையும் சேர்த்துக் குழியில தள்ளவா?"

"உங்களுக்காகன்னு யார் சொன்னா? நாப்பத்தோரு நாள் மழைக்காத்துல நடந்தது நான். கடைசி நாள் ஜனங்க எழுந்து நின்னு கூப்பிட்டது உங்க பேரை. திரும்பிப் பார்க்கக்கூடத் தோணல எனக்கு. ஒரு தடவையாவது ஒரு காகிதத்துல 'இவதான் நடந்தா'ன்னு இருக்கட்டும்."

"அதுக்கு வேலையை விடுவியா?"

"வேற குழு இல்லாமலா போயிடும்? கம்பி என்ன, அவர் வீட்டு மாடியில துணி காயப்போடற கொடியா?"

அண்ணி சிரித்துவிட்டாள். பிறகு, "உங்க அண்ணனுக்கு நீ எவ்வளவோ மேல். அவர் முடிச்சுதான் போடுவார், நீ அவிழ்க்கற" என்றாள். அன்றைக்கு இருவரும் இரண்டு பேருந்தை விட்டுவிட்டார்கள்.

பத்தாம் நாள் நான்கு பேருமாகப் போனார்கள். நாத்தனார் ஒரு பிளாஸ்டிக் உறையைத் திறந்தாள். எல்லைக்கு அப்பால் தங்கிய அறையின் ரசீதுகள் அவள் பெயரில் இருந்தன. பன்னிரண்டாம் நாள் கணுக்கால் சுளுக்கி மருத்துவரிடம் போன சீட்டும் அவள் பெயரில்தான். சீட்டில் நோயாளியின் தொழில் என்ற இடத்தில் 'கம்பி நடப்பவர்' என்றிருந்தது.

"சுளுக்கின காலோட அன்னிக்கு சாயங்காலமும் நடந்தீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஏறின பேர் இறங்காதுல்ல சார்."

"இதைச் சொன்னதால உங்க வேலை போகலாம்னு தெரியுமா?"

"நேத்தே போயிடுச்சு."

அதிகாரி வாபஸ் தாளை ஓரமாக வைத்துவிட்டு, வாக்குமூலப் படிவம் எடுத்தார். நாத்தனார் சொன்னதை மகள் மொழிபெயர்க்க, நாற்பத்தொரு நாளும் எந்த ஊர், எந்த அரங்கம் என்று எழுதி முடிக்க ஒரு மணி நேரமானது.

"இதை மேலதிகாரிக்கு அனுப்பறேன். முடிவு வர்ற வரைக்கும் உங்க மூணு பேரையும் யாரும் கிளம்பச் சொல்ல முடியாது. ஆனா நிராகரிக்கவும் வாய்ப்பு இருக்கு. அதைப் புரிஞ்சுக்கணும்."

"நிராகரிச்சா அப்பீல் பண்ணுவேன்" என்றாள் தாய். இந்த முறை மகளுக்காகக் காத்திருக்கவில்லை. உடைந்த மொழியில் தானே சொன்னாள்.

"அதுவும் போச்சுன்னா?"

"உங்க மேலதிகாரிக்கு மேல யாரு, அவங்க ஆபீஸ் எந்தத் தெருவுலன்னு இப்பவே எழுதிக் குடுத்துடுங்க சார். இவருக்கு நாளைக்கு மெஷின் நாள். மறுபடி மறுபடி வந்து கேட்டுட்டு இருக்க எனக்கு நேரமில்ல."

அதிகாரி ஒரு துண்டுத் தாளை எடுத்தார்.