மாஹிம் முகவரியில் உண்டானவள்

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு மாஹிமில் இன்னொரு ஜெஸி உண்டானாள். வயது இருபத்தெட்டு. இஸ்திரி போட்ட சுடிதாரும் சரளமான ஆங்கிலமும் கூடவே வந்திருந்தன.

முதல் ஜெஸி தாராவிக்காரி. தோல் பை தைக்கும் பட்டறைகளில் பத்து வருஷமாகத் தோல் பார்க்கிறவள். கண்ணை மூடித் தடவினாலே போதும், எந்த இடத்தில் வெடிக்கும், எத்தனை மாதத்தில் வெடிக்கும் என்று சொல்லிவிடுவாள். அந்த விரல்களை விண்ணப்பத்தில் ஒட்டி அனுப்பத்தான் வழியில்லை. பட்டறைக்காரர்கள் யாருக்கும் சான்றிதழ் எழுதிக் கொடுப்பதும் இல்லை. ஆறு கம்பெனிகள் முகவரி வரியோடு படிப்பதை நிறுத்திக்கொண்டன. ஏழாவதாக, செம்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனி தோல் பரிசோதகர் வேண்டும் என்றது. நிரந்தர வேலை, பி.எஃப். உண்டு. தாராவியில் பலரும் செய்வதையே அவளும் செய்தாள். மாஹிமில் இருக்கும் அத்தை சவரியம்மாளின் முகவரியை எழுதிக் கொடுத்தாள். சரிபார்க்க ஆள் வரும் நாளில் அங்கே போய் உட்கார்ந்துகொள்வதுதான் வழக்கம். வந்தவனோ சொல்லாமல் வந்துவிட்டான். அத்தை கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு ஜெஸி உட்கார்ந்திருந்தாள். அவன் போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கி, டீயும் குடித்துவிட்டுப் போனான். வேலைக்கான கடிதம் அந்த மாஹிம் ஜெஸியின் கைக்கு வந்தது.

“ஏட்டி, வீட்டுக்குள்ள இருக்கவள வெளிய போன்னா சொல்ல முடியும்? ஒன் மூஞ்சில்லா அது!” என்றாள் அத்தை.

ஜெஸி செம்பூருக்கு ஓடினாள். மேனேஜர் ஹரி மாட்டுங்காக்காரர், பொறுமையாகவே கேட்டார்.

“ஒரு தோலக் குடுங்க சார், தொட்டுப் பாத்துச் சொல்லுதேன்.”

“எல்லாரும் இதைத்தாம்மா சொல்றா. முந்நூறு பேர் கையிலயும் தோலைக் கொடுத்துப் பார்த்துண்டிருந்தா சரக்கு என்னிக்குக் கப்பலேறும்? அதுக்குத்தானே ஃபார்ம்?”

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் ஜெஸிக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மாஹிம் ஜெஸிக்கு விண்ணப்பத்தில் எழுதியிருந்தது மட்டுமே தெரியும். ஆட்டுத் தோலுக்கும் மாட்டுத் தோலுக்கும் வித்தியாசம் தெரியாது. வந்த தோலுக்கெல்லாம் சிரித்த முகத்தோடு முத்திரை குத்தினாள். தாராவி ஜெஸி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே மாஹிமுக்குப் போய், “அது என் வேலைட்டி, விட்டுட்டுப் போயிரு!” என்று கத்தினாள்.

“நான் விட்டுட்டா உங்களைக் கூப்பிடுவாங்களா?” என்று மற்றவள் மரியாதையாகக் கேட்டாள்.

ஆகஸ்டில் பைகள் வெடித்துத் திரும்பி வந்தன. மாஹிம் ஜெஸியை நிறுத்திவிட்டார்கள். இனி மாஹிம் ஆட்களே வேண்டாம் என்று ஒரு விதியும் போட்டார்கள். தாராவிக்கான விதி ஏற்கெனவே இருந்தது.

வேலை போன மறுநாளே மாஹிம் ஜெஸி, தெரிந்தவர் ஒருவரின் தாணே முகவரியை எழுதி வேறொரு கம்பெனிக்கு விண்ணப்பித்தாள். அக்டோபரில் தாணேயிலும் ஒரு ஜெஸி உண்டானாள். வேலை அவளுக்குக் கிடைத்தது. கிறிஸ்துமஸுக்குச் சவரியம்மாள் மூன்று சுடிதாருக்குத் துணி எடுத்தாள். மூவருக்கும் ஒரே அளவு என்பதால், தையற்காரர் தாராவி ஜெஸியை மட்டும் நிற்கவைத்து அளந்துகொண்டார்.