கை கருக்காத செயின்

மோட்டார் சைக்கிள் கடைக்காரன் சோகாபே வண்டியின் பின் சக்கரத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து செயினை ஒற்றை விரலால் இழுத்துக் காட்டினான். பல் சக்கரத்தை விட்டுத் தூக்கிக்கொண்டு வந்தது. இடையில் ஒரு பென்சிலை விட்டு எடுக்கலாம். பற்கள் எல்லாம் சுறாவின் துடுப்பு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகிக் கிடந்தன.

"ஏழாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. இருபதாயிரமாவது தாங்கணும், பெரியவரே."

நினோமியா இசாவோ குனிந்து அந்த இடைவெளியைத் தானே உற்றுப் பார்த்தார். எழுபத்து மூன்று வயதில் அவர் யாரையும் நம்பித் தூங்கப் போனதில்லை. வண்டி செய்தவனை நம்பவில்லை. உருண்டை விளக்கு, கண்ணீர்த்துளி மாதிரி டேங்க், ஒற்றை சிலிண்டர் என்று வெளியே ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சட்டையைப் போட்டு, உள்ளே என்ன குப்பையைத் திணித்தானோ என்று வாங்கிய அன்றே சொன்னவர். சோகாபேயையும் நம்பவில்லை. அவன் அப்பன் காலத்திலிருந்து இந்தக் கடைக்கு வருகிறார், அப்பனையும் நம்பியதில்லை. ஆனால் இன்றைக்கு அவர் அதிகம் நம்பாதது தன் இடது கையை. குளிர் வந்தால் அதில் கடைசி இரண்டு விரல் மரத்துப்போகிறது. ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் கதை முடிந்தது. மத்சுயாமா நகரத்தில் வேலை பார்க்கும் மகள் மிஹோ போன வாரம் போனில் பிடித்துக்கொண்டாள். வண்டி கடகடவென்று சத்தம் போடுகிறது என்று அம்மாக்காரி சொல்லியிருக்கிறாள். கிளட்சை வெடுக்கென்று விட்டு ஓட்டினால் செயின் இப்படித்தான் சீக்கிரம் தேயும் என்று மகள் எங்கேயோ படித்திருக்கிறாள். கடைசியில் கேட்டாள்: "ஓட்டுற விதம்தான் காரணம்னு கடைக்காரர் சொன்னா, லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துடுவீங்களாப்பா?"

கோபத்தில் அவர், "குடுத்துடுறேன், போ" என்றுவிட்டார். சொன்ன வார்த்தை.

அவர் வயதுக்காரர்கள் பாதிப் பேர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு, பஸ் சலுகை அட்டையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பஸ் ஒரு நாளைக்கு மூன்று தடவை வரும். அதுவும் கடலோரத்தோடு போய்விடும், ஆரஞ்சுத் தோட்டம் இருக்கிற மலைக்கு ஏறாது. பக்கத்து வீட்டு கஜித்தா அட்டையை வாங்கிய மறு வருஷமே தோட்டத்தை விற்றான். இப்போது டிவிக்கு முன்னால் உட்கார்ந்து அதோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான்.

"கிளட்சை எப்படி விடுறீங்க?" என்று சோகாபே கேட்டான்.

கிளட்ச் இருப்பது இடது கைப் பக்கம்; இசாவோ அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார். கையால விடுறேன், காலால விட முடியுமா என்று எரிந்து விழுந்தார். சோகாபே அதற்கெல்லாம் அசைகிறவன் இல்லை. செயினைக் கொஞ்சம் இழுத்துக் கட்டி, சுரங்கப்பாதை வரை மேட்டில் ஏறித் திரும்பச் சொன்னான். தன் வண்டியில் பின்னாலேயே வந்தான். இசாவோவுக்குப் பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவர் உட்கார்ந்த பரீட்சைகளும் ரொம்பக் கொஞ்சம்.

திரும்பி வந்ததும் சோகாபே ஹெல்மெட்டைக் கழற்றினான். "கியரை என்னைவிட நல்லா மாத்துறீங்க. பின் சக்கரம் ஒரு தடவைகூட உதறல."

"மனசு நோகக் கூடாதுன்னு சொல்றியா?"

"உங்க மனசைப் பார்த்தா நான் கடை நடத்த முடியுமா?"

அப்படியானால் செயினில்தான் கோளாறு. இசாவோவின் சந்தேகம் நேராகச் சோகாபே பக்கம் திரும்பியது. புதிது என்று சொல்லி எவனோ கழற்றிப்போட்டதை மாட்டியிருப்பானோ? கழற்றி எடு, நானே பார்க்கிறேன் என்றார். சோகாபே பெருமூச்சு விட்டுக் கழற்றி, தகரத் தட்டில் போட்டான். இசாவோ அதை இரண்டு கையிலும் அள்ளி, ஒவ்வொரு கண்ணியாக உருட்டிப் பார்த்தார். சில கண்ணிகள் மடங்கவே மாட்டேன் என்றன. மூட்டுகளில் செங்கல்பொடி மாதிரித் துரு. பார்த்து முடித்து, வழக்கம் போல கையைக் கால்சட்டையில் துடைத்தார்.

கால்சட்டையில் கறை இல்லை.

உள்ளங்கையைப் பார்த்தார். துருப்பொடி கொஞ்சம் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். ஏழாயிரம் கிலோமீட்டர் ஓடிய செயினைத் தொட்ட கை சோறு பிசையலாம் போலச் சுத்தமாக இருந்தது. மூக்கருகே கொண்டு போனார். கமலா ஆரஞ்சு. அந்த ஊரில் தலையணை, குளிக்கிற தண்ணீர், வெட்டுக் கத்தரி என்று எல்லாமே அந்த வாசம்தான், அதனால் இவ்வளவு நேரம் இரண்டு பேர் மூக்கிலும் உறைக்கவில்லை.

சோகாபேயும் வாங்கி முகர்ந்து பார்த்தான். "வீட்ல தோலைக் கொதிக்க வச்சு, துடைக்கிற தண்ணி செய்வீங்களா?"

செய்யாத வீடு அங்கே உண்டா? இசாவோ வீட்டில் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் வெள்ளை டப்பாவில் எப்போதும் இருக்கும். அடுப்பு, ஜன்னல், காற்றாடி இறக்கை என்று மனைவி சுமியே அதை வைத்துத் துடைக்காத இடம் கிடையாது. வண்டி நிற்பது வீட்டு வாசல் உள்நடையில். சனிக்கிழமை காலையில் இவர் தோட்டத்துக்கு ஏறின பிறகு அவள் வண்டியைத் துடைப்பாள். டேங்கைத்தான் துடைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவர் ஊற்றுகிற எண்ணெய் எல்லாம் எங்கே போயிருக்கிறது!

சோகாபே கண்ணிகளுக்குள் இருக்கிற சின்ன ரப்பர் வளையத்தைக் காட்டினான். உள்ளே இருக்கிற கிரீஸை அதுதான் காக்கிறது. "தோல் தண்ணி கிரீஸைத் தின்னுடும். மேல பிரஷ் வேற போட்டா ரப்பரும் போச்சு. உங்க கை மேல தப்பில்லை, பெரியவரே."

கை என்று அவன் சொன்னது ஓட்டுகிற கையைத்தான். இசாவோ இடது கையை சட்டைப்பைக்குள் விட்டு, அங்கேயே விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு சிரித்தார். அவர் சிரித்துச் சோகாபே பார்த்ததில்லை. என்ன ஆச்சோ என்று அவர் உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

புதுச் செயினும் பல் சக்கரங்களும் மாட்டி வீட்டுக்குப் புறப்படும்போது சுமியேயை என்னென்ன திட்டவேண்டும் என்று வரிசையாக வைத்திருந்தார். நாலாவது வளைவில் வரிசை மறந்துபோயிற்று. வண்டி சத்தமில்லாமல் ஏறியது. கீழே கடல் வெயிலில் கிடந்தது. கிளட்ச் வெண்ணெய் மாதிரி வழுக்கி இறங்கியது.

சுமியே வாசலில் ஆரஞ்சைப் பெட்டிக்குப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"செயினை நீ துடைக்கிறியா?"

"வாரா வாரம். பல் தேய்க்கிற பிரஷ் போட்டு. வாசல்ல நிக்கிற சாமான் கருப்பா வடிஞ்சுகிட்டிருந்தா வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"அது கருப்பாத்தான் இருக்கணும்."

சோகாபே காட்டியதை எல்லாம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே ஒரே ஆரஞ்சைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில், "அப்போ உங்க விரல் இல்லையா காரணம்?" என்றாள்.

அவர் திடுக்கிட்டார். "எந்த விரல்?"

"சட்டைக்குப் பித்தான் போடறப்போ நான் என்ன சுவரையா பார்த்துகிட்டிருக்கேன்?"

அவள் ஆரஞ்சைப் பெட்டியில் வைத்துவிட்டு, ரொம்ப நாளாகத் தூக்கிவந்த சுமையை இறக்கியவள் மாதிரி மூச்சு விட்டாள். திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டவேண்டும் என்றாள். இசாவோ டாக்டரையும் நம்புகிறவர் இல்லை. இருந்தாலும் சரி என்றார். இப்போது காட்டினால் என்ன கெட்டுப்போகிறது?

சாயங்காலம் மிஹோ கூப்பிட்டாள். அவர் கை நீட்டுவதற்குள் சுமியே போனை எடுத்தாள். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் லைசென்ஸ் போயிருக்கும், அவளுக்குப் பயமும் விட்டிருக்கும். எத்தனையோ ராத்திரி அதைக் கொடுத்துவிடச் சொன்னவள்தான் அவள்.

"மிஹோ, அப்பா நல்லாத்தான் ஓட்டுறார். வண்டியைக் கெடுத்தது நான். அடுப்பைத் துடைக்கிற மாதிரி துடைச்சுட்டேன்."

மகள் சிரித்தது சுவர் வரைக்கும் கேட்டது. விரல் விஷயத்தையும் சுமியே விடவில்லை, டாக்டர் வரைக்கும் சொன்னாள். அவர் முறைத்தார், அவள் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை சுமியே டேங்கைத் துடைத்தாள், விளக்கைத் துடைத்தாள், செயின் வந்ததும் துணியோடு நின்றுவிட்டாள். இசாவோ அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, எண்ணெய் விட்டு, சக்கரத்தை மெல்லச் சுற்றினார். முடித்ததும் செயினில் விரலை வைத்து எடுத்தார். மை மாதிரிக் கருப்பு. எழுந்து உள்ளே போய், அவள் முகத்துக்கு நேரே காட்டினார்.

"கதவைத் தொடாம போய்க் கழுவுங்க" என்றாள் அவள்.