முப்பத்தெட்டுப் பேர் நின்ற படம்

சங்க அலமாரியில் கரையானைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பழைய நோட்டு கிடைத்தது. கூலியைக் குறைத்ததற்காகக் கிடங்கில் நாங்கள் வேலையை நிறுத்தி ஐம்பத்து மூன்று நாள். நாளைக்குள் திரும்பாதவன் பெயரை அடித்துவிடுவதாகக் கம்பெனி கேட்டில் ஒட்டியிருந்தது. தொடர்வதா, திரும்புவதா என்று இன்று காலை கை தூக்க வேண்டும். அதற்கு முன், அந்தக் காலத்தில் ஜெயித்தவர்களின் பெயர்களை நான் வாசிப்பதாக ஏற்பாடு. அதைத் தேடித்தான் அலமாரியைத் திறந்தேன்.

மூட்டை தூக்குகிறவர்களில் புத்தகம் படிக்கிறவன் நான் ஒருத்தன். 'சரித்திரம்' என்று கூப்பிடுவார்கள், பாதி கிண்டலாக. இந்த ஐம்பத்து மூன்று நாளாக அதில் கிண்டல் இல்லை. சுவரில் தொங்கும் படத்தைக் காட்டி இவர்களை நிறுத்தி வைத்திருந்தவன் நான்தான். கேட்டுக்கு முன்னால் கை உயர்த்தி நிற்கும் முப்பத்தெட்டுப் பேர். நூறு நாள் பட்டினி கிடந்து கூலியை ஏற்றினவர்கள். கதையை எனக்குச் சொன்னவர் அப்பா. இதே கிடங்கில் முதுகு ஒடிந்தவர். நீங்கள் ஏன் படத்தில் இல்லை என்று கேட்டால், அன்றைக்குக் காய்ச்சல் என்பார்.

கூலி ஏறியது உண்மைதான், நோட்டில் இருந்தது. முப்பத்தெட்டுப் பேரில் ஒருவனையும் மறுபடி உள்ளே விடவில்லை என்றும் இருந்தது. ஏறின கூலிக்குப் புது ஆள் எடுத்திருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் 'கருங்காலிகள்' என்று தலைப்புப் போட்டு, அந்த நூறு நாளில் உள்ளே போய் மூட்டை தூக்கினவர்களின் பட்டியல். நாலாவது பெயர் அப்பாவுடையது. அந்தக் கூலியில்தான் நான் சோறு தின்றேன், பள்ளிக்கூடம் போனேன், சரித்திரம் படித்தேன்.

அறை நிரம்பியது. என் மனைவியின் தம்பி கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். தாய்க்காரி சித்தாள் வேலைக்குப் போயிருந்தாள்.

"நூறு கிலோ தூக்கிருவேன், உங்க புஸ்தகம் ஒண்ணு தூக்க முடியாது எனக்கு. நீங்க சொன்னா சரி மாமா. அவங்க ஜெயிச்சாங்கல்ல?"

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். திரும்பினால் குறைத்த கூலி, ஆனாலும் கூலி. திரும்பிவிடலாம் என்று சொல்ல நோட்டைக் காட்ட வேண்டும். காட்டினால் கடைசிப் பக்கத்தையும் புரட்டுவார்கள்.

"கூலி ஏறுச்சு, மாப்ள."

"அது போதும்."

குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, தொடரலாம் என்று அவன் கையைத் தூக்கினான். பிறகு ஒவ்வொன்றாக, மூட்டைக் கொக்கி கிழித்த தழும்புகளோடு, அத்தனை கைகளும் எழுந்தன. படத்தில் இருப்பது மாதிரியே. என் இரண்டு கையிலும் குழந்தை. அது என் கக்கத்தில் இடுக்கியிருந்த நோட்டின் முனையை இழுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.