தம்பி எழுதாத கடிதம்

1

எங்கள் குடும்பத்தின் பெயரைக் காப்பாற்றத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். கலைக்காக என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆலய வாசலில் ஒருத்தி என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினாள். நேரே வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன்.

முதல் தொடக்கம்: 'என் தம்பி நேர்மையின் சிகரம்.' அடித்துவிட்டேன். அதைப் படித்த தம்பி, "கல்லறையில எழுதற மாதிரி இருக்கு அக்கா. நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்" என்றான்.

2

சரி, நடந்ததைச் சொல்கிறேன். தம்பிக்கு லிஃப்ட் சோதிக்கும் வேலை. சோதித்து முடித்த பிறகும் 'இன்னொரு தடவை பார்த்துடலாம்' என்பான். அதனால் வேலையிடத்தில் அவனுக்குப் பெயரே 'இன்னொருதடவை'. [எனக்குப் பிடிக்காத பட்டப்பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.]

ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டில் பிரேக் தேய்ந்திருந்தது. ஓட்டக் கூடாது என்று பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதிவிட்டு வந்தான். அவன் மேலாளர் ஓட்டச் சொன்னார். மூன்றாம் நாள் லிஃப்ட் விழுந்து, துணி வெளுக்கும் பெண்மணி ஒருத்திக்குக் கால் முறிந்தது. பதிவேட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் காணோம். தம்பி சோதிக்கவே வரவில்லை என்று மேலாளர் சாட்சி சொன்னார். தம்பிக்கு வேலை போயிற்று. மேலாளர் எங்கள் திருச்சபைக்குச் செயலாளர் ஆனார்.

3

இங்கே ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: 'மேலாளர் ஏறிய லிஃப்ட் பாதியில் நின்றது. உள்ளே அவர் தனியாக—'

தம்பி தாளை மடித்துத் திருப்பித் தந்தான். அவர் மாட்டிக்கொண்டாலும் போய்த் திறந்துவிடப் போகிறவன் தான்தான் என்றும், வேறு முடிவு பார்க்கும்படியும் சொன்னான்.

சபையை மாற்றிக்கொள்வோம் என்றேன். கேட்கவில்லை. மேலாளருக்கு மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்து, வழக்கம்போல் சுருதி சேராமல் உரக்கப் பாடினான். மேல்முறையீடு இரண்டு முறை தள்ளுபடியானது. இரண்டு முறையும் மறுநாள் காலையில் ஜெபம் பண்ணிவிட்டு, அடுத்த மனுவை எழுத வெள்ளைத் தாளோடு மேசை முன் உட்கார்ந்தான்.

ஆண்டவர் மேல் கோபம் வரவில்லையா என்று கேட்டேன்.

"வருது. அதையும் அவர்கிட்டயேதான் சொல்றேன். வேற யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

4

இந்தப் பகுதியை நான்கு நாளாகத் தாண்டித் தாண்டிப் போனேன்.

மனு ஏன் தள்ளுபடியானது? கோப்பில் தம்பியின் மன்னிப்புக் கடிதம் இருந்தது. 'கவனக்குறைவால் சோதிக்கத் தவறினேன்.' தான் எழுதவில்லை என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை.

எழுதியது நான். விஷயம் தெருவுக்கு வருமுன் அமுக்கிவிடலாம் என்று எழுதி, அவன் கையெழுத்தையும் போட்டு அனுப்பினேன். அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். இருவர் எழுத்தும் ஒரே சாயல். இரண்டு தள்ளுபடிக்கும் வாயைத் திறக்கவில்லை.

(அடிக்குறிப்பு: மேலாளரின் பொய் தனியாக நின்றிருக்காது. முட்டுக்கொடுத்தது என் பொய்.)

நேற்று மாலை இதை அவன் முன் வைத்தேன். படித்தான்.

"இது கதைக்காக எழுதினதுதானே அக்கா?"

"இல்லடா."

எழுந்து உள்ளே போனான். கதவைச் சாத்திக்கொண்டான். அரைமணி கழித்து வந்தபோது கண் சிவந்திருந்தது. கையில் இஸ்திரிப் பெட்டி.

"நாளைக்கு நீங்க போடப்போற துணிய எடுத்துக் குடுங்க. பத்து மணிக்கு மூணாவது மனு விசாரணை."

5

முடிவை நான் எழுதப்போவதில்லை. விசாரணைக் குழு என்னை நம்பலாம், நம்பாமலும் போகலாம். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் கெடும். அதைத் திருத்தி எனக்கு நல்லது செய்ய வேண்டாம். தள்ளுபடி என்று எழுதுகிறவர்கள் மட்டும், மறுநாள் காலை அவன் வெள்ளைத் தாளோடு உட்காருவதையும் எழுதியாக வேண்டும். இந்த முறை எதிரே இன்னொரு நாற்காலி போடுங்கள்.

மணி ஒன்பதரை. தம்பி வாசலில் நின்று கூப்பிடுகிறான். ஒரு வரி பாக்கி என்கிறேன்.

"வந்து எழுதிக்கலாம், வாங்க" என்கிறான்.