அதிகம் பேசுகிற வீடு

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. என்னைவிட உயரம், என் செருப்பில் அவள் கால் பாதிதான் நுழையும். இருந்தாலும் வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பாப்பா என்று கூப்பிட்டாலும் மனசு வந்தால்தான் திரும்புவாள். மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். ஆறு வயதில் அவள் அப்பா, கொஞ்ச நாள் தனியாக இருந்து யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மனுஷன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு வீட்டிலேயே தையல் வேலை. புதுத் துணி தைப்பதில்லை, ஆல்டரேஷன் மட்டும். பேண்ட்டின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது. வருகிறவர்கள் வாசலிலேயே நின்று துணியை நீட்டுவார்கள். உள்ளே பாப்பா கூவுகிற சத்தம் கேட்டதும் திடீரென்று அவசர வேலை நினைவுக்கு வந்து கிளம்பிவிடுவார்கள். எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். விசேஷத்துக்குக் கூப்பிடும்போது, "நீ மட்டும் ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்பாள். என்னால் எப்போது மட்டுமாக இருக்க முடிந்தது? காலையில் எழும்போதும் ராத்திரி படுக்கும்போதும் ஒருத்தி கூடவே இருக்கிறாள், ஆனாலும் பேச ஆளில்லை. இதை வெளியே சொன்னால், அதுதான் பெண் இருக்கிறாளே என்பார்கள்.

பாப்பாவுக்குப் பேச்சே வராது என்று சொல்ல முடியாது. தண்ணி, வேணாம், ஜன்னல் என்று வேண்டியதற்கு மட்டும் ஒரு வார்த்தை வரும். அதிலும் ஜன்னல்தான் அடிக்கடி வரும். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்காவிட்டால் அன்றைக்கு ஊரே எங்களை வேடிக்கை பார்க்கும். ஒருமுறை காலில் கட்டுப் போட்ட பெரியவர் ஒருவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த இடத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்தது கிடையாது. நான் வாந்தி வருகிறது என்று கெஞ்சியபோதும்கூட.

பாப்பா பகலில் போகிற பயிற்சி மையத்தில்தான் அந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள இளம் வயதினரும் அவர்கள் வீட்டுக்காரர்களும் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று ஆராய்கிறார்களாம். நான் சரி என்றதும் ஆய்வு செய்கிற பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். என் மகளைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள். வாசலில் நிற்காமல் உள்ளே வந்து, நாற்காலியில் கிடந்த துணிகளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கொடுத்த தண்ணீரை முழுசாகக் குடித்தாள். அந்த நிமிஷமே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

அவள் ஒரு மேல்சட்டையும் தீப்பெட்டி அளவில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் கொண்டு வந்திருந்தாள். சட்டையின் நெஞ்சுப் பையில் கருவியைப் போட்டு, சனிக்கிழமைதோறும் பாப்பாவுக்கு அணிவிக்க வேண்டும். திங்கட்கிழமை அவள் வந்து கருவியை வாங்கிக்கொண்டு, அடுத்த வாரத்துக்கு வேறொன்றைத் தந்துவிட்டுப் போவாள். வேறு ஏதேதோ நிறைய விளக்கினாள். அந்த நேரம் பார்த்துப் பாப்பா விளக்கு சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு காதை இங்கேயும் ஒரு காதை அங்கேயும் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

சட்டையைப் பாப்பா முதலில் தொடவே மாட்டேன் என்றாள். கழுத்தில் இருந்த கம்பெனி லேபிளை வெட்டி எறிந்தேன். பையின் ஓரத் தையல் உறுத்தியது, அதைப் பிரித்து உள்பக்கம் மடித்து மறுபடி தைத்தேன். அப்புறம் போட்டுக்கொண்டவள் கழற்றவே மாட்டேன் என்றாள்.

முதல் சனிக்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாள் மாதிரி நடந்துகொண்டேன். பாப்பா, இது என்ன நிறம்? பாப்பா, இது யாருடைய சட்டை? அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். மத்தியானத்துக்குள் என் கேள்விகள் தீர்ந்துவிட்டன. மெஷின் சத்தம் பதிவைக் கெடுக்கும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்ததால் தைக்கவும் முடியாது. சமையலறையில் எதிரெதிரே இரண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். பாப்பா ஜன்னலோரம். அவள் கண் வழக்கம்போல மின்விசிறியில். என் கண் அவள் நெஞ்சுப் பையில். என்னை அறியாமல், "ஏம்மா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டேன். கேட்டது அந்த ஆய்வுக்காரப் பெண்ணை.

அதன் பிறகு அணை உடைந்தது போல ஆயிற்று. சனிக்கிழமை வந்தால் வேலையை முடித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பைக்கு நேராகக் குனிந்து ஆரம்பித்துவிடுவேன். முழங்கால் வலியைச் சொன்னேன். யோசிக்கப் போன மனுஷனைப் பற்றிச் சொன்னேன். எனக்குப் பிறகு பாப்பாவைப் பெட்டி கட்டி ஏதாவது இல்லத்தில்தான் விட வேண்டியிருக்குமோ என்று சொன்னேன். இடுப்பு பெருத்ததை ஒப்புக்கொள்ளாமல் துணி சுருங்கிவிட்டதென்று சண்டை போடுகிற வாடிக்கையாளரைச் சொல்லி நானே சிரித்தேன். ஒருத்தி என்னைக் காது கொடுத்துக் கேட்கிறாள் என்கிற நினைப்பே வாரம் முழுக்க என்னை நிமிர்த்தி வைத்திருந்தது. செவ்வாய்க்கிழமையே, இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வேன். பாப்பாவும் அந்த நேரத்தில் எழுந்து ஓடாமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டை பிடித்துப்போனதால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பொருட்கள் காணாமல் போவதையும் சொன்னேன். முதலில் சீப்பு. பிறகு நைட்டி ஒன்று. அப்புறம் பழைய மூக்குக் கண்ணாடி. போன வாரம் பிரித்து வைத்த புது பல் துலக்கும் பிரஷ். "எனக்கு மூளை மழுங்கிட்டு வருதும்மா. இன்னும் கொஞ்ச நாள்ல இவளையே எங்கயாவது வெச்சிட்டுத் தேடுவேன்" என்று சொல்லிவிட்டு, விளையாட்டாகத் தொடங்கிய பேச்சு விளையாட்டாக முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்தப் பயத்தில்தான் இல்லத்தைப் பார்க்கப் போனேன். பாப்பாவைப் போன்ற பெரிய பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். பாப்பா மையத்தில் இருந்த நேரத்தில் அவளுக்குத் தெரியாமல் போய்விட்டு வந்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் பெற்றவளே இப்படிச் செய்வாளா என்பாள். அவளுக்கென்ன, வாய் வலிக்காமல் சொல்வாள். அந்தச் சனிக்கிழமை பைக்கு இன்னும் நெருக்கமாகக் குனிந்தேன்.

"பாத்துட்டு வந்தேன்மா. சுத்தமாத்தான் இருக்கு. ஒரு ரூமுக்கு ரெண்டு கட்டில். ஜன்னல் பக்கத்துக் கட்டில் காலியா இருக்காம். எனக்கு அப்புறம் இவளை யாரு பாத்துப்பா? அனுப்பலாமா, வேணாமா? நீ இந்த மாதிரி எத்தனை வீட்டைப் பாத்திருப்ப. ஒரு வார்த்தை சொல்லு."

திங்கட்கிழமை அவள் வந்து, எப்போதும்போலச் சிரித்து, எப்படிப் போனது என்று மட்டும் கேட்டுவிட்டுக் கருவியோடு போனாள். அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் பையிடம் அதையே கேட்டேன், அவளும் அப்படியேதான் போனாள். ஆய்வு முடிகிற வரை எதுவும் சொல்லக் கூடாது என்று விதி இருக்கும்போல என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். இதற்கிடையில் இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா போன் செய்து, வேறொரு குடும்பமும் அந்தக் கட்டிலைக் கேட்கிறது, இந்த வாரத்துக்குள் முடிவைச் சொல்லுங்கள் என்றார். அதே வாரத்தில்தான் ஆய்வு நிறுவனத்தில் எனக்குக் கடைசிச் சந்திப்பு. அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டே சொல்வது என்று பதிலை நிறுத்தி வைத்தேன்.

பாப்பாவை மையத்தில் விட்டுவிட்டு, நல்ல சேலையாக ஒன்று கட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண் என்னை உட்காரவைத்துக் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். நீலக் கோடு என் பேச்சாம், அதை ஒட்டிச் சின்னச் சின்னதாக வருகிற பச்சை பாப்பாவின் குரலாம். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"எங்க ஆய்வுலயே அதிகம் பேசற வீடு உங்க வீடுதான்மா."

நான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன். அதெல்லாம் இருக்கட்டும், அந்த இல்லத்து விஷயம் கேட்டேனே, நீ என்ன நினைக்கிறாய் என்றேன். எந்த இல்லம் என்றாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அம்மா, நாங்க யாரும் அதைக் கேக்கறதில்லையே. யாரு எவ்வளவு பேசறாங்கன்னு கம்ப்யூட்டர் எண்ணும், எண்ணினதும் குரல் எல்லாத்தையும் அழிச்சிடும். முதல் நாளே சொன்னேனே."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவள் சொல்லியிருக்கிறாள், நான் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வயதில் சின்னவள், பதறிப்போய்த் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். மேல் மாடியில் ஆலோசகர் இருக்கிறார், முன்பதிவு செய்து தரட்டுமா என்றாள். அழுவதற்குக்கூட முன்பதிவா என்று வாய் வரை வந்தது. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, கருவியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தேன். சட்டை உங்களுக்கே என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் சீட் காலியாக இருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அதில் உட்கார்ந்தேன். முகத்தில் காற்று அடித்தது, கடைகள் பின்னால் போயின, அவ்வளவுதான். இதற்கா அவ்வளவு ரகளை என்று தோன்றியது. அத்தனை சனிக்கிழமைகளும் நான் சுவரோடு பேசியிருக்கிறேன். கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்று நம்பின மாதங்களைவிட இல்லை என்று தெரிந்த அந்த அரை மணி நேரம் கனமாக இருந்தது. இனி யாரைக் கேட்பது? பஸ்ஸில் இருந்தபடியே இல்லத்துக்குப் போன் செய்து, அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். பொறுப்பாளர் அம்மா, வருகிற ஞாயிறு கூட்டிவாருங்கள் என்றார்.

சாயங்காலம் மையத்து வண்டி பாப்பாவை இறக்கிவிட்டுப் போனது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள். நான் அவள் அறைக்குப் போனேன். மனசு மாறுவதற்குள் துணிகளை எடுத்து வைத்துவிட வேண்டும் என்று அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கிற பெட்டியை இழுத்தேன். காலிப் பெட்டி, சுலபமாக வர வேண்டும். வரவில்லை. முழங்காலைப் பொருட்படுத்தாமல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தேன்.

மேலே பாப்பாவின் போர்வை, அதன் கீழே என் போர்வை. அவள் நைட்டி, என் நைட்டி. அவள் சீப்புக்குப் பக்கத்தில் என் சீப்பு. சத்தம் தாங்காமல் அவள் மாட்டிக்கொள்கிற காது மூடியோடு சேர்த்து என் பழைய மூக்குக் கண்ணாடி. ஓரத்தில் இரண்டு பிரஷ், இரண்டு டம்ளர். எல்லாம் அவள் வழக்கப்படி மூலைக்கு மூலை நேராக அடுக்கியிருந்தது.

அத்தனை வாரமும் நான் யாருடைய நெஞ்சுக்கு நேராகக் குனிந்து பேசினேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

திரும்பினால் அறை வாசலில் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். கண் மின்விசிறியில்.

"பாப்பா, இதெல்லாம் எதுக்குடி?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் முன்னும் பின்னும் ஆடினாள். பிறகு என் குரலில், நான் சொன்ன அதே ராகத்தில், "சுத்தமாத்தான் இருக்கு" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, தன் சொந்தக் குரலில் சொன்னாள்.

"ஜன்னல் கட்டில் அம்மாவுக்கு."

காலியாக இருப்பது ஒரு கட்டில்தான், பாப்பா. அந்த ஒன்றும் உனக்குத்தான். இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதிகம் பேசுகிற அந்த வீட்டில் எனக்கு ஒரு சத்தமும் வரவில்லை.

அவள் சமையலறைக்குத் திரும்பிப் போகிறது கேட்டது. பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து அவள் பின்னால் போனேன். அன்றைக்குச் சனிக்கிழமை இல்லை. இருந்தும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலிப் பையோடு பாப்பா உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோரத்து ஸ்டூலை எனக்கு விட்டுவிட்டு, என்னுடையதில் உட்கார்ந்து, நான் ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தாள்.