கிங்ஸ் சர்க்கிளில் மாறிய வலி

1961 மழைக்காலத்தில் பம்பாய் கிங்ஸ் சர்க்கிள் அருகே பஸ்ஸும் லாரியும் மோதிக்கொண்டதில் சவரியம்மாளின் வலது மணிக்கட்டு உடைந்தது, வலித்தது சங்கரனுக்கு. சங்கரனின் இடது கால் உடைந்தது. அந்த வலி சவரியம்மாளுக்கு வந்தது. மோதுவதற்குச் சற்று முன்புதான் சங்கரன் எழுந்து அவளுக்குத் தன் ஸீட்டைக் கொடுத்திருந்தார். அதற்கு முன் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அதன்பின் இரண்டு வருஷம் பார்க்கவும் இல்லை.

சவரியம்மாள் தாராவியில் ஆப்பக்கடை வைத்திருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. அடுப்புமுன் நின்றால்தான் வீட்டில் உலை கொதிக்கும். கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது, ஆனால் துளி வலியில்லை; அந்தக் கையாலேயே மாவாட்டினாள். நிற்கத்தான் முடியவில்லை. ஒரு கீறல்கூட விழாத இடது கால் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை குடைந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கால் ஜோராக இருக்கிறது, மனசைத்தான் கவனிக்க வேண்டும் என்றார். படித்தவர் சொல்லை மறுக்கவா முடியும்? அவளும் மனசைக் கவனித்துக்கொண்டே நொண்டினாள்.

புதன்கிழமைதோறும் மாஹிம் மாதா கோயில் நொவேனா ஜெபத்துக்குப் போய் மெழுகுக் கால் ஒன்று காணிக்கை வைத்தாள். உடம்பில் எது நோகிறதோ அதை மெழுகில் வாங்கி மாதாவின் முன் வைப்பது அங்கே வழக்கம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் வைப்பார்கள். ஒரு புதன்கிழமை, விபூதி பூசிய ஒருவர் வளைந்த காலை வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்து மெழுகுக் கை கேட்டார். அவர் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் சவரியம்மாளின் காலில் சுரீரென்றது. தடுமாறி, கோணல் கையைக் கடைப் பலகையில் ஊன்றினாள். அவர் "அம்மா" என்று தன் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். மெழுகு விற்கும் சேசம்மாள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் மாத்தி வாங்குதிய," என்றாள்.

அதற்குள் சவரியம்மாளுக்கு ஸீட் கொடுத்த முகம் நினைவுக்கு வந்துவிட்டது. "தெனமும் சாயங்காலம் எங்கயோ நடக்கியளே, அது நீங்கதானா?"

"ஃபைவ் கார்டன்ஸ்ல. நாலு ரவுண்டு. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்."

"நாலு இல்லய்யா, அஞ்சு. எனக்குல்லா தெரியும்."

கோட்டைப் பக்கம் ஓர் ஆபீஸில் குமாஸ்தா வேலை அவருக்கு. இவள் மாவாட்டும் நேரமெல்லாம் அவர் கையிலிருந்து பேனா விழுந்திருக்கிறது. மேலதிகாரி வேலையை விட்டே தூக்கப் பார்த்தார். அன்றே இருவரும் பேசி முடித்தார்கள். ஆபீஸ் விட்ட பிறகுதான் அவள் மாவாட்டுவது. அவர் நடையை நிறுத்துவது. வருஷங்கள் அப்படியே ஓடின. மழை பிடித்தால், "ஒங்க கால் வீங்கியிருக்கு, பாருங்க" என்று மகளிடம் சொல்லி அனுப்புவாள். சங்கரன் வேட்டியை ஒதுக்கிப் பார்த்தால் வீங்கித்தான் இருக்கும். ஈர விறகைத் தூக்க வேண்டாம் என்று மாட்டுங்காவில் அவர் வீட்டிலிருந்து பதில் வரும். சொந்த அண்ணன்கூட அவளை இவ்வளவு விசாரித்ததில்லை.

எலும்புக்கு வயதானபோது வலிக்கும் வயதாயிற்று. 1968 மழையில் சவரியம்மாளால் அடுப்புமுன் நிற்கவே முடியவில்லை. கடை திறந்த நாளைவிட மூடிய நாள் அதிகம். மகளின் படிப்பை நிறுத்த வேண்டியதுதான் என்ற நிலை வந்தது. சேசம்மாள்தான் வழி சொன்னாள். அதே பஸ், அதே ஸீட். இந்தத் தடவை சவரியம்மாள் எழுந்து சங்கரனுக்கு இடம் கொடுக்க வேண்டும், வலி அதுஅது இடத்துக்குத் திரும்பிவிடும். சவரியம்மாள் சம்மதித்தாள். திருப்பிக் கொடுக்கத்தான் போனாள், அதில் பொய்யில்லை.

நல்ல கூட்டம். அவள் அந்த ஸீட்டில் உட்கார்ந்திருந்தாள், சங்கரன் பக்கத்தில் நின்றார். கிங்ஸ் சர்க்கிள் வந்ததும் எழுந்தாள். நரைத்த தலையோடு, கால் வலி தெரியாமல் இரண்டு காலிலும் சமமாக நிற்கிற அந்த மனுஷன் கண்ணில் பட்டார். ஏழு வருஷம் தான் பட்டதெல்லாம் ஒரு நொடியில் அவருக்குள் இறங்கிவிடும். ஸீட்டுக்குக் குறுக்கே கையை நீட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காராதிய ஐயா. ஒங்களால தாங்க முடியாது."

"நான் உட்கார்றதுக்காக வரலை," என்றார் சங்கரன். "அந்தக் கை வலி எப்படின்னு எனக்குத் தெரியும். அதை உங்ககிட்ட குடுக்க மாட்டேன். நீங்க கேட்டேள்னுதான் வந்தேன்."

"பைட்டோ பாயி, பைட்டோ," என்று கண்டக்டர் உட்காரச் சொல்லி இரைந்தார். யாரும் உட்காரவில்லை. அத்தனை கூட்டத்திலும் அந்த ஸீட் மாஹிம்வரை காலியாகவே போனது.

மறுநாள் சவரியம்மாள் அடுப்பைத் தாழ்த்தி வைத்து, ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து ஆப்பம் சுட்டாள். ஏழு வருஷமாக இது ஏன் தோன்றவில்லை என்று மகள் கேட்டாள். படிப்பு நிற்கவில்லை. வலியும் நிற்கவில்லை. அடுத்த புதன்கிழமை சவரியம்மாள் அவருக்காக மெழுகுக் கை வாங்கினாள், சங்கரன் அவளுக்காகக் கால் வாங்கினார். சேசம்மாள் தாளில் சுற்றிக் கொடுத்தாள்.