கல்லறைத் திருநாள் சம்மன்

கட்டினவனை விட்டுப் பிரிவதற்கும் கட்டினவன் தயவு வேண்டும் என்பது பிளோரன்ஸுக்கு முப்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது. கோலசிலாங்கூரில் கோர்ட்டு இல்லாமல் இல்லை. மோட்டார் திருடினவனையும் சம்சுச் சாராயம் காய்ச்சினவனையும் அங்கே நிறுத்துவார்கள். விவாகரத்துக்கு அது போதாதாம், ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் வேண்டுமாம். அதற்கும் முன்னால் பதிவிலாகாவின் சமரசக் குழு. குழு மூன்று முறை கூப்பிட்டது, டெஸ்மண்ட் மூன்று முறையும் போகவில்லை. இவர்களைச் சேர்த்து வைக்க முடியாது என்று கடைசியில் ஒரு தாள் கொடுத்தார்கள். அடிபட்டு ஓடி வந்தவளுக்கு அதைச் சொல்ல ஒரு குழு, ஒரு தாள், ஒரு முத்திரை.

டெஸ்மண்ட் பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். குடிக்காத நாளில் தங்கமான மனுஷன் என்று ஊரில் பெயர். அந்த நாள் எது என்று ஊர் சொன்னதில்லை. ஒரு காலை அவன் அறைந்ததில் இடது காது அடைத்துப்போய், போட்டிருந்த துணியோடு பஸ் ஏறி, புக்கிட் செந்தோசாவிலிருந்த அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள் பிளோரன்ஸ். மகள் ஜோலீன் அப்போது பாலர் பள்ளியில் இருந்தாள். சாயங்காலம் போய்க் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஒன்றரை வருஷமாகியும் அந்தச் சாயங்காலம் வரவில்லை. மாமியார் முரியல் முந்திக்கொண்டு பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். போலீசுக்குப் போனால், தகப்பன் வீட்டில் பிள்ளை இருப்பது குற்றமா, கோர்ட்டு உத்தரவோடு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

கோலசிலாங்கூர் கடைத்தெருவில் மாடியில் அலுவலகம் வைத்திருந்த வக்கீல் ரமணிதான் முதலில் நம்பிக்கையாக ஒரு வார்த்தை சொன்னாள். ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே அதற்கு நல்லது என்றுதான் நீதிபதி எடுத்த எடுப்பில் கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று காட்டுவது தகப்பன் பாடு. ஏழு முடிந்துவிட்டால் அந்தச் சலுகை கிடையாது, இருவரும் ஒரே தராசில் நிற்க வேண்டியதுதான். ஜோலீனுக்குப் பிப்ரவரியில் ஏழு முடிகிறது.

இந்தச் சட்டம் டெஸ்மண்டுக்கும் தெரிந்து போயிற்று. டெஸ்மண்ட் குடியிருந்த தாமானின் கோப்பிக்கடையில் சேது என்று ஒருவன் இருந்தான். இரண்டு பெண்டாட்டிகளைத் தள்ளிவைத்து, அந்தச் செலவிலேயே சட்டம் கற்றவன். சம்மனைக் கையில் வாங்காதே, நீ வாங்குகிற வரைக்கும் கேஸ் நகராது என்று அவன் ஓதிக்கொடுத்தான். டெஸ்மண்டுக்கு வாய் சும்மா இருக்குமா? அவனே பிளோரன்ஸுக்குப் போன் போட்டான்.

"பிப்ரவரி தாண்டட்டும்லா. அப்புறம் எந்தக் கோர்ட்டுக்கு வேணும்னாலும் வா."

ரமணியின் ஆள் சசிகுமார் போட்டோவும் கையுமாக டெஸ்மண்ட் வீட்டுக்குப் போனான். வாசலில் நின்றவன் நான்தான் டெஸ்மண்ட் என்றான், கையெழுத்துப் போட்டான், சம்மனை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். வாங்கினவன் டெஸ்மண்டின் தம்பி அட்ரியன். ஒரு வயது இளையவன். அதே மூக்கு, அதே மீசை, அதே தொப்பை. மாதா கோயில் சாமியாரே அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய புத்திமதியைத் தம்பிக்குக் கொடுத்து அனுப்புவார். அன்றைக்கு நான் சுங்கை ஆயர் தாவாரில் லோரியோடு இருந்தேன் என்று டெஸ்மண்ட் சத்தியப் பத்திரம் போட்டான். அது உண்மையும்தான். சம்மன் செல்லாது என்றது கோர்ட்டு. நாலு மாதம் போயிற்று. பொய் சொன்ன தம்பியை ஒருவரும் கேட்கவில்லை. ஆள் தெரியாமல் கொடுத்த சசிகுமாருக்குத்தான் திட்டு விழுந்தது.

பேப்பரில் விளம்பரம் போட்டும் சம்மன் கொடுக்கலாம். ஆனால் அதற்குத் தனி மனு, தனித் தேதி. பிப்ரவரி தாண்டிவிடும் என்றாள் ரமணி.

"போட்டோவ நம்பி இனிமே ஆள அனுப்ப முடியாது, பிளோரன்ஸ். நீங்களே வந்து, இவர்தான்னு காட்டணும். அவரு கண்டிப்பா வர்ற எடம் ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். குடித்திருந்தாலும், லோரி சேற்றில் புதைந்திருந்தாலும், அன்றைக்கு டெஸ்மண்ட் தகப்பன் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்ற வந்துவிடுவான். அவனிடம் மிச்சமிருந்த ஒரே நல்ல பழக்கம் அது. அதைத்தான் அவள் பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மாமனார் ஞானப்பிரகாசம் அந்த வீட்டில் அவளுக்காகக் குறுக்கே விழுந்த ஒரே மனிதர். அவர் போன பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்தக் கல்லைத் தேய்த்துக் கழுவினவள் அவள்தான். மனிதரின் தலைமாட்டில் போய் அவர் மகனுக்குச் சம்மனா என்று நெஞ்சு குறுகுறுத்தது. ஜோலீன் அங்கே இருக்கமாட்டாள் என்பது ஒன்றுதான் ஆறுதல். சின்னப் பிள்ளையைக் கல்லறைக்குக் கூட்டிப்போனால் காற்றுக் கருப்பு அண்டும் என்று முரியல் எப்போதும் வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருவாள்.

அன்று மழை காலையிலேயே பெய்து ஓய்ந்திருந்தது. செம்பனைக்கு நடுவே இருந்த அந்தக் கல்லறைத் தோட்டத்தில் சாயங்காலம் கூட்டம் நெருக்கியது. வேலை செய்த தோட்டங்களை விற்று ஜனங்களை மூலைக்கொன்றாகச் சிதறடித்த பிறகு, பழைய ஆட்கள் ஒன்றாகக் கூடுவது இங்கே மட்டும்தான். சசிகுமார் போலீஸ் உடுப்பு மாதிரிக் கரு நீலச் சட்டை போட்டு, முறுக்கிய மீசையும் கையில் கோப்புமாக வந்தான். கோயில் என்று நினைத்து வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சேற்றில் வெறுங்காலோடு நின்றான். வேறு நாளாக இருந்தால் பிளோரன்ஸ் சிரித்திருப்பாள்.

சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார். ஞானப்பிரகாசம் கல்லறையில் அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டையில் மண்டியிட்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, கையில் மெழுகுவத்தியோடு ஜோலீன்.

பிளோரன்ஸ் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிள்ளை வளர்ந்திருந்தது. கல்லறைக்குக் கூட்டி வருமளவுக்கு வளர்ந்துவிட்டது. அதை அவள் எண்ணிப் பார்க்கவே இல்லை. வளர்ந்ததைப் பார்த்திருந்தால்தானே எண்ணுவதற்கு. தலைமுடியை இரட்டைச் சடையாகப் பின்னியிருந்தார்கள், வகிடு கோணலாக இருந்தது.

"ரெண்டு பேர்ல அவரு யாரு, அக்கா?" என்றான் சசிகுமார்.

இன்றைக்கு வேண்டாம், பிள்ளை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். வேறு எந்த நாள் இருக்கிறது என்று அவளையே கேட்டுக்கொண்டாள். நவம்பர் போனால் கிறிஸ்துமஸ், கோர்ட்டு விடுமுறை, அப்புறம் பிப்ரவரி. இடது பக்கம் இருப்பவன் என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் தம்பி எழுந்து பூ எடுக்கப் போய் மறுபக்கம் வந்து உட்கார்ந்தான். இன்னொரு முறை தப்பினால் எல்லாம் போயிற்று. மன்னிச்சுக்குங்க மாமா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பிளோரன்ஸ் கையை நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜோலீன் தலையைத் தூக்கினாள். அம்மாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அது நிஜம், பிளோரன்ஸ் கண்ணால் பார்த்தாள். பிறகு பிள்ளையின் கண் அம்மாவின் விரலுக்குப் போய், விரல் காட்டிய இடத்துக்குப் போயிற்று. அங்கே ஒரு மீசைக்காரன் அப்பாவின் தோளில் கை வைத்தான்.

டெஸ்மண்ட் துள்ளி எழுந்து ஓடப் பார்த்தான். ஈரக் கல்லில் கால் வழுக்கி, எரிகிற மெழுகுவத்திகள் மேலேயே கையூன்றி மல்லாந்து விழுந்தான். சசிகுமார் பேரைச் சொல்லி, சம்மனை அவன் நெஞ்சின்மேல் வைத்து, கோர்ட்டு உத்தரவு, சேர்ப்பித்துவிட்டேன் என்று நாலு பேர் கேட்கச் சொன்னான். அவன் வேலை முடிந்தது. டெஸ்மண்ட் வெந்த கையை உதறிக்கொண்டு கத்தினான். பிளோரன்ஸ் பிள்ளையைப் பார்த்து ஓடினாள். ஜோலீன் அலறிக்கொண்டு அங்கே நின்ற முரியலின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"செத்தவரு முன்னாடி புருஷனக் காட்டிக் குடுத்துட்டியேடி," என்றாள் முரியல். சாமியார் தீர்த்தச் செம்போடு அடுத்த கல்லறைக்கு நகர்ந்தார். கூட்டத்தில் ஒருவரும் பிளோரன்ஸுக்கு வழிவிடவில்லை.

ஆனாலும் கேஸ் நகர்ந்தது. ஜனவரியில் ஷா ஆலாமில் தேதி. ஜோலீனுக்கு இன்னும் ஏழு முடியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே பிளோரன்ஸ் நினைத்தாள். அக்கா வீட்டில் கட்டிலுக்குப் புது விரிப்புக்கூட வாங்கிப் போட்டிருந்தாள். நீதிபதி ஒரு பெண், அதுவும் நல்லதற்குத்தான் என்றாள் ரமணி. தீர்ப்புக்கு முன்னால் பிள்ளையோடு பேச வேண்டும் என்று நீதிபதி ஜோலீனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தவிர உள்ளே யாருமில்லை. பிறகு வக்கீல்கள் இருவரையும் கூப்பிட்டார். வெளியே வந்த ரமணி பிளோரன்ஸின் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லையாம். அம்மாவைப் பிடிக்குமா என்றதற்குப் பிடிக்கும் என்றதாம். அம்மாவோடு போகிறாயா என்றதற்கு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டதாம்.

"அம்மா வெரல நீட்டுனா போலீஸ்காரன் வந்து புடிச்சுக்குவான்னு சொல்லியிருக்கு," என்றாள் ரமணி.

ஏழு வயதுக்குக் கீழே என்றால் தாய்க்குத்தான் சாதகம், ஆனால் அதை மறுப்பதற்கு இந்தப் பயம் போதும் என்று நீதிபதி முடிவு செய்துவிட்டார். இப்போதைக்குப் பிள்ளை தகப்பன் வீட்டில். தாய் சனிக்கிழமைகளில், பாட்டி கூட இருக்க, பார்க்கலாம். ஆளை நேரில் அடையாளம் காட்டச் சொன்னதே கோர்ட்டு முறைதான் என்று ரமணி வாதாடிப் பார்த்திருக்கிறாள். பிள்ளை முன்னால் செய்யும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்றாராம் நீதிபதி. தப்பித் தப்பி ஓடினவனை அவர் ஒரு வார்த்தை கேட்டாரா என்றாள் பிளோரன்ஸ். அதைப் பிறகு விசாரிப்பார்கள் என்றாள் ரமணி. பிறகு என்றால் எப்போது? ஏழும் எட்டும் முடிந்த பிறகா? கேட்டு என்ன செய்ய, அடுத்த கேஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதல் சனிக்கிழமை, பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு பொரித்த கோழிக் கடை. முரியல் பக்கத்து மேசையில் கைப்பையை மடியில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜோலீன் சமர்த்தாகச் சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் புதுத் தோழி பேரைக்கூடச் சொன்னாள். பிளோரன்ஸ் நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பணம் கட்டும் இடத்துக்கு மேலே ஐஸ்கிரீம் படம் தொங்கியது.

"பாப்பா, அது வேணுமாடா?" என்று கையைத் தூக்கிக் காட்டினாள்.

ஜோலீன் படத்தைப் பார்க்கவில்லை. யாரைப் பிடிக்க வருகிறார்கள் என்று திரும்பி வாசலைப் பார்த்தாள்.